பல்லி பிடிக்கும் பூனைக்கு ஈரல் புழு: முதல் சந்தேகத்திலிருந்து கடைசிப் பரிசோதனை வரை

"பூனைக்குக் கண் மஞ்சளாகிவிட்டது, என்ன பூச்சிக் குளிசை கொடுக்கலாம்?" என்றுதான் எல்லாரும் கேட்டு வருகிறார்கள். கேட்கவேண்டிய கேள்விதான். ஆனால் வரிசையில் அது பிந்தித்தான் வரும். முதலில் பூனை சாப்பிடுகிறதா என்று பார்க்கவேண்டும். அடுத்தது, மஞ்சளுக்குக் காரணம் புழுதானா என்று உறுதிசெய்ய வேண்டும். அதன் பிறகு மருந்து. மருந்து முடிந்ததும், அது வேலை செய்ததா என்ற பரிசோதனை. இந்த ஒழுங்கு பிசகினால், சரியான மருந்தைக் கொடுத்தும் பூனையை இழந்துவிடலாம்.

இங்கே சொல்லப்போவது பிளாட்டினோசோமம் என்ற தட்டைப்புழுவைப் பற்றி. வெப்ப நாடுகளில் வீட்டுப் பூனைகளின் பித்தக் குழாய்களிலும் பித்தப்பையிலும் குடியிருக்கும் புழு இது. வளர்ந்த புழு 4 முதல் 8 மில்லிமீற்றர் நீளம், இலை போலத் தட்டை. கீழே வரும் மருந்து அளவுகள், வைத்தியரோடு கதைக்கும்போது உங்களுக்கு விளங்கவேண்டும் என்பதற்காக. அளவைத் தீர்மானிக்கவேண்டியவர் பூனையைக் கையால் தொட்டுப் பார்த்தவர்தான்.

1. புழு வரும் வழியைத் தெரிந்துகொள்ளுங்கள்

இதை முதலில் வைப்பதற்குக் காரணம், வைத்தியர் கேட்கும் கேள்விகளுக்கும் பிற்பாடு வளவைத் திருத்துவதற்கும் இதுதான் அடிப்படை.

நோயுள்ள பூனையின் மலத்தில் முட்டை வெளியேறும். அதை மண்ணில் வாழும் சிறு நத்தை தின்னும். மாரியில் தோட்டத்தை மேயும் கைப்பிடி அளவு நத்தையை நினைக்கவேண்டாம். பூச்சாடிக்கு அடியில், ஈரச் சருகுக்குள் ஒளிந்திருக்கும், நீண்டு கூம்பிய ஓடுள்ள சின்ன நத்தை இது. நத்தைக்குள் பெருகிய குஞ்சுப்புழுக்கள் வெளியே வந்து, ஈரக் கல்லைப் புரட்டினால் ஓடுமே அந்தச் சாம்பல் நிறப் பல கால் பூச்சி, அதற்குள் போகும். அந்தப் பூச்சியைப் பல்லி, அரணை, ஓணான், தேரை தின்னும். அவற்றைப் பூனை தின்னும். பூனையின் வயிற்றுக்குள் போன குஞ்சுப்புழு பித்தக் குழாய் வழியே மேலேறி, 8 முதல் 12 கிழமைக்குள் முட்டையிடத் தொடங்கும்.

இதிலிருந்து சில விடயங்கள் விளங்கும். நேற்றிரவு பல்லி தின்ற பூனை இன்று காலை சுருண்டு படுத்தால் அதற்குக் காரணம் இந்தப் புழு இல்லை. "பல்லி நஞ்சு" என்று சொல்லித் தேசிக்காய்ச் சாறு பருக்குகிறவர்கள் உண்டு; வீட்டுப் பல்லியில் அப்படிப் பூனையைக் கொல்லும் நஞ்சு எதுவும் இல்லை. கேட்கவேண்டியது, கடந்த மூன்று நாலு மாதமாகப் பூனை பல்லி பிடித்ததா என்பதுதான்.

வீட்டைவிட்டு வெளியே போகாத பூனைக்கு இது வராது என்று நம்புவதும் பிழை. விறாந்தை மின்குமிழடியில் இரவில் எத்தனை பல்லி நிற்கிறது என்று ஒருக்கால் எண்ணிப் பாருங்கள்.

ஒரு பூனையிடமிருந்து இன்னொரு பூனைக்கு இது நேராகத் தொற்றாது. மலத்தை அள்ளும் மனிதருக்கும் அப்படித்தான். நத்தை, பூச்சி என்று இடையில் ஆட்கள் தேவை. அதனால் வீட்டில் சின்னப்பிள்ளை இருக்கிறது என்று பூனையைக் கொண்டுபோய் விடவேண்டிய தேவை இல்லை. கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுவது எப்போதும் நல்லது, அவ்வளவுதான்.

மீனைப் பற்றியும் கேட்பார்கள். தாய்லாந்து, லாவோஸ் பக்கம் பச்சை நன்னீர் மீனால் வரும் ஈரல் புழு வேறு இனம். நாங்கள் சந்தையில் வாங்கும் கடல் மீனுக்கும் இந்தப் பல்லிப் புழுவுக்கும் தொடர்பு இல்லை.

2. தொடங்குமுன் கையில் இருக்கவேண்டியவை

ஒரு கொப்பி. சாப்பிட்ட அளவு, சத்தி, மலத்தின் நிறம், நிறை எல்லாம் திகதியோடு அதில் வரவேண்டும். நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் வைத்தியர் முன்னால் "ஒரு கிழமையாக இருக்கும்... இல்லை, இரண்டு கிழமை" என்று தடுமாறுவார்கள்.

நிறை பார்க்க ஒரு வழி. நாங்கள் ஏறி நின்று பார்க்கும் தராசில் அரைக் கிலோ கூடக் குறையக் காட்டும். 3 கிலோ பூனைக்கு அரைக் கிலோ என்பது ஆறில் ஒரு பங்கு. மருந்து அளவே மாறிவிடும். பலசரக்குக் கடையின் டிஜிட்டல் தராசில் கூடையோடு வைத்து நிறுத்து, பிறகு வெறும் கூடையைக் கழிப்பதுதான் சரி. கடைக்காரர் முகம் சுளித்தால், கூட்டமில்லாத மத்தியான நேரம் போங்கள்.

ஊசி இல்லாத 5 மில்லிலீற்றர் சிரிஞ்சு இரண்டு. இறுக்கமான மூடியுள்ள சிறு பிளாஸ்ரிக் போத்தல்கள் மூன்று. ஒரு தடித்த துவாய். ஒரு வெள்ளைச் சீலைத் துண்டு, இது எதற்கென்று அடுத்ததில் வரும்.

கொண்டுபோவதற்கு ஒரு கூடை. பூனைக்கூடு வாங்க வசதியில்லாவிட்டால், இரண்டு பிளாஸ்ரிக் கூடையை வாய்க்கு வாய் கவிழ்த்து, நாலு பக்கமும் கட்டிக்கொள்ளலாம். உரப்பைக்குள் போட்டு மோட்டார் சைக்கிளில் மத்தியான வெயிலில் கொண்டுபோகாதீர்கள். பயத்திலும் வெக்கையிலும் வாயைத் திறந்து மூச்சு வாங்கும் பூனையில் இரத்தம் எடுக்கவும் முடியாது, ஸ்கான் பண்ணவும் முடியாது. அன்றைய பயணம் வீண்.

3. பகல் வெளிச்சத்தில் பார்த்து எழுதுங்கள்

புழு குறைவாக இருந்தால் பூனை எதையும் காட்டாது. கூடினால் மெல்ல மெல்ல மெலியும், சாப்பாட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பும், இடைக்கிடை சத்தி எடுக்கும், சிலவேளை வயிற்றோட்டம் போகும், வயிறு உப்பும். செங்கமாரி வருவது பெரும்பாலும் இவற்றுக்குப் பிறகுதான். இரத்தத்தில் பிலிரூபின் என்ற மஞ்சள் நிறப்பொருள் டெசிலீற்றருக்கு ஏறத்தாழ 2 மில்லிகிராமைத் தாண்டினால்தான் மஞ்சள் எங்கள் கண்ணுக்குத் தெரியும். ஆகவே, மஞ்சளைக் காணும்போது நோய்க்கு வயது போய்விட்டது.

காலை வெளிச்சத்தில் முற்றத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். மின்குமிழ் வெளிச்சத்தில் எல்லாப் பூனையும் மஞ்சள்தான். கண்ணின் வெள்ளை, முரசு, வாயின் மேலண்ணம், காதின் உட்பக்கம் என்று நாலு இடம். கறுப்புப் பூனைக்கு முரசிலும் நிறம் படிந்திருக்கும், அதற்கு மேலண்ணம்தான் நம்பகமான இடம்.

முரசு மஞ்சளா, அல்லது வெளிறி மஞ்சளா என்று பிரித்து எழுதுங்கள். வெளிறிய மஞ்சள் என்றால் இரத்தம் உடைந்துபோகும் நோயாகவும் இருக்கலாம். உண்ணி, தெள்ளு உள்ள பூனைகளில் வரும் இரத்த ஒட்டுண்ணிகள் அப்படிச் செய்யும். வைத்தியத்தின் பாதையே அங்கே பிரிகிறது.

வெள்ளைச் சீலையைப் படுக்கையில் விரித்துவிடுங்கள். சிறுநீர் பட்ட இடம் கடும் மஞ்சளாக, தேயிலைச் சாயம் போல இருந்தால் எழுதிவையுங்கள். நாயின் சிறுநீரில் கொஞ்சம் பிலிரூபின் இருப்பது வழமையாகவும் இருக்கலாம். பூனையில் அப்படி இல்லை, இருந்தாலே கோளாறுதான்.

மலம் சாம்பலாகவோ களிமண் வெள்ளையாகவோ போனால், பித்தம் குடலுக்கு இறங்கவில்லை, குழாய் அடைபட்டிருக்கிறது என்று பொருள். இதோடு வாயால் மூச்சு வாங்குதல், வலிப்பு, எழும்ப முடியாமை, உடம்பு குளிர்தல் இவற்றில் ஏதாவது ஒன்றைக் கண்டாலும் இந்த வழிகாட்டியை மூடிவிட்டு உடனே வைத்தியரிடம் போங்கள்.

4. மருந்துக்கு முன் சாப்பாடு

பூனைகள் சாவது அநேகமாக இந்தப் படியில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பூனையின் ஈரல் பட்டினியைத் தாங்காது. சில நாள் சாப்பிடாமல் இருந்தால் உடம்புக் கொழுப்பு ஈரலுக்குள் வந்து குவிந்து, ஈரல் வேலை செய்யாமல் போகும். கொழுத்த பூனைக்கு ஆபத்து இன்னும் கூட. புழுவால் சாப்பாட்டை விட்ட பூனை, புழுவால் சாகாமல் இந்தக் கொழுப்பால் சாகும். ஒரு நாள் முழுக்க ஒன்றும் தின்னாவிட்டால் வைத்தியருக்குத் தொலைபேசி எடுங்கள். இரண்டாம் நாளுக்கு அப்பால் வீட்டில் வைத்திருக்கக்கூடாது.

அடுத்த பிழை, மனிதருக்குச் செங்கமாரி வந்தால் செய்வதைப் பூனைக்கும் செய்வது. மீன் இறைச்சியை நிறுத்திவிட்டு, வெறும் கஞ்சி. அதற்கு மேல் கீழ்க்காய்நெல்லி அரைத்துப் பால். பூனை இறைச்சி தின்னவென்றே பிறந்த பிராணி. அதன் ஈரல் திருத்தப்படுவதற்குப் புரதம் வேண்டும். நிலை தளம்பி, சுவரில் முட்டி, வாய்நீர் வடித்துத் திரியும் பூனைக்குப் புரதத்தைக் குறைக்கவேண்டி வரலாம், அதை வைத்தியர் சொல்வார். மற்றப்படி, அவித்து முள் எடுத்த சூடை மீனோ, அவித்த கோழியோதான் சாப்பாடு. கீழ்க்காய்நெல்லியைப் பூனைக்குப் பருக்குவதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கைப்பில் நுரை தள்ளும், பயந்துபோய் அடுத்த நாலு நாளைக்கு உங்கள் கையால் எதையும் வாங்காது.

சொதி, குழம்பு கலந்த சோறு வேண்டாம். வெங்காயமும் உள்ளியும் பூனையின் சிவப்பு அணுக்களை உடைக்கும். அவித்து வடித்துவிட்டோம் என்றாலும் சாறு சாறுதான். ஈரல் நோயோடு இரத்தச்சோகையும் சேர்ந்தால், பரிசோதனை முடிவைப் பார்த்து வைத்தியரும் குழம்புவார்.

அளவு எவ்வளவு? 3 கிலோ பூனை சும்மா படுத்திருக்கவே நாளுக்கு ஏறத்தாழ 150 முதல் 160 கிலோகலோரி வேண்டும். பல நாள் பட்டினி கிடந்த பூனைக்கு முதல் நாளே முழு அளவையும் ஏற்றக்கூடாது. மூன்றில் ஒரு பங்கில் தொடங்கி, மூன்று நாலு நாளில் முழு அளவுக்கு வரவேண்டும். சட்டென்று கூட்டினால் இரத்தத்தில் பொட்டாசியமும் பொஸ்பரசும் விழுந்து, சாப்பாடே ஆபத்தாகிவிடும்.

மீனை இளஞ்சூட்டில் கொடுங்கள், மணம் எழும்பினால்தான் பூனை கிட்ட வரும். பிரிட்ஜிலிருந்து எடுத்தபடியே வைத்துவிட்டு "தின்னுதில்லை" என்று சொல்பவர்களே கூட. சாப்பாட்டைக் கண்டதும் நாக்கைச் சப்பி, விழுங்கி, முகத்தைத் திருப்பினால் அது பசியின்மை இல்லை, குமட்டல். அந்த நேரம் வாயைப் பிளந்து ஊட்டாதீர்கள். அந்தச் சாப்பாட்டையே பிறகு வெறுத்துவிடும். சத்தியை நிறுத்தும் மருந்து முதலில், பிறகு ஊட்டல். அப்படியும் முடியாவிட்டால் கழுத்து வழியாக உணவுக்குழாயில் ரியூப் வைப்பார்கள். பார்க்கப் பயங்கரமாக இருக்கும், ஆனால் வீட்டில் பராமரிக்க அதுதான் எல்லாவற்றிலும் சுலபம்: உணவும் மருந்தும் சண்டையில்லாமல் உள்ளே போகும்.

5. வீட்டு மருந்துப் பெட்டியைப் பூட்டிவையுங்கள்

பனடோல் கொடுக்காதீர்கள். பாதிக் குளிசையும் கூடாது, குழந்தைப் பாணியும் கூடாது. பரசிற்றமோலை உடைத்து வெளியேற்றும் வசதி பூனையின் ஈரலில் போதாது. இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் முரசு மண்ணிறமாகும், முகம் வீங்கும், பெரும்பாலும் சாவில் முடியும். ஏற்கெனவே ஈரல் கெட்ட பூனைக்குச் சொல்லவே வேண்டாம். தெரியாமல் கொடுத்துவிட்டால் மறைக்காமல் வைத்தியரிடம் சொல்லுங்கள், அதற்கு மாற்று மருந்து உண்டு.

நாய்க்கு முதுகில் விடும் உண்ணி மருந்துகளில் பேர்மெத்திரின் கலந்தவையும் பூனைக்கு நஞ்சு.

பாமசியில் மனிதருக்கு வாங்கும் பூச்சிக் குளிசை இந்தப் புழுவுக்குச் சரிவராது. உருண்டைப் புழுவுக்கான மருந்துகள் அவை. கொடுத்துவிட்டுக் காத்திருந்தால் பூனைக்குப் போகும் நாட்கள்தான் மிச்சம்.

6. மலத்தைச் சரியாக எடுத்துக் கொடுங்கள்

பூனை மணலில் போய்ப் புதைத்துவிட்டு வரும். மண்ணில் கிளறி எடுத்த மலத்தில் மண்ணில் வாழும் புழுக்களின் முட்டையும் கலந்திருக்கும். ஆகவே ஓர் இரவு அறைக்குள் விட்டு, ஒரு தட்டில் கிழித்த பேப்பரைப் போட்டுவையுங்கள். வீட்டில் இரண்டு பூனை இருந்தால் ஒன்றை மட்டும் அடையுங்கள். இரண்டையும் ஒன்றாக அடைத்துவிட்டு "இது யாருடையது" என்று நிற்பவர்களைக் கண்டிருக்கிறேன்.

ஒரு மேசைக்கரண்டியாவது இருக்கவேண்டும். இந்தப் புழு முட்டையை அள்ளி வீசாது. சின்னி விரல் நுனி அளவு மலத்தில் ஒன்றும் அகப்படாமல் போகலாம். மூன்று வெவ்வேறு நாளில் எடுத்து, போத்தலில் திகதி எழுதி, பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். உறையும் பெட்டிக்குள் வைத்தால் முட்டை உருக்குலையும். வெளியே வைத்தால் எங்கள் வெக்கைக்கு மத்தியானத்துக்குள் கெட்டுவிடும்.

கொடுக்கும்போது ஒரு வசனம் சொல்லவேண்டும்: "ஈரல் தட்டைப்புழு முட்டை இருக்கிறதா என்று, படிய வைத்துப் பாருங்கள்." வழமையான பூச்சிப் பரிசோதனையில் மலத்தை உப்புக் கரைசலிலோ சீனிக் கரைசலிலோ கலக்கி, மேலே மிதந்து வரும் முட்டைகளைத்தான் பார்ப்பார்கள். தட்டைப்புழு முட்டை பாரமானது, நன்றாக மிதக்காது. போர்மலின், ஈதர் சேர்த்துச் சுழற்றி அடியில் படிய வைக்கும் முறைதான் இதற்குப் பொருத்தம். இந்த ஒரு வசனத்தைச் சொல்லாததால் "பூச்சி இல்லை" என்ற தாளோடு வீட்டுக்குப் போனவர்கள் பலர். முட்டை ஒரு பக்கம் மூடியுள்ள, மண்ணிற, நீள்வட்ட வடிவம். நீளம் 34 முதல் 50 மைக்குரோமீற்றர்.

மூன்று மாதிரியிலும் முட்டை இல்லை என்றாலும் புழு இல்லை என்று முடிவுகட்டக்கூடாது. புழு முட்டையிட வயது வராமல் இருக்கலாம். அல்லது பித்தக் குழாய் முற்றாக அடைபட்டிருக்கலாம், அப்போது முட்டை குடலுக்கே வராது. நோய் மிகக் கடுமையான பூனையில் மலம் சுத்தமாக இருப்பதன் காரணம் இதுதான். மலம் வெளிறியிருந்தது என்று கொப்பியில் எழுதியிருந்தீர்கள் என்றால் வைத்தியருக்கு இந்த இடத்தில் உதவும்.

7. இரத்தமும் ஸ்கானும்

இரத்தத்தில் நாலு விடயம் பார்க்கச் சொல்லலாம்: சிவப்பு அணுக்களின் அளவு, ஈயோசினோபில் என்ற வெள்ளை அணு, ஈரல் நொதியங்கள், பிலிரூபின். சிவப்பு அணு நன்றாக இருந்து பிலிரூபின் ஏறியிருந்தால் கோளாறு ஈரல் பக்கம். ஈயோசினோபில் கூடியிருந்தால் ஒட்டுண்ணிச் சந்தேகம் வலுக்கும். ஆனால் தெள்ளுக்கடி ஒவ்வாமையிலும் அது கூடும், அதை மட்டும் பிடித்துக்கொள்ளக்கூடாது.

ஸ்கானில் பித்தப்பைச் சுவர் தடித்ததா, குழாய்கள் விரிந்தனவா என்று பார்ப்பார்கள். பூனையின் பிரதான பித்தக் குழாய் வழமையில் 4 மில்லிமீற்றருக்குள் இருக்கும். 5 ஐத் தாண்டினால் அடைப்பு என்று சந்தேகிப்பார்கள்.

இன்னும் சந்தேகம் தீராவிட்டால், ஸ்கானைப் பார்த்தபடி பித்தப்பையிலிருந்து ஊசியால் பித்தம் எடுத்து, அதில் முட்டை தேடலாம். மலத்தைவிட இது நம்பகமானது. இதற்கு வசதியும் கைப்பழக்கமும் உள்ள இடம் வேண்டும்; கிட்ட இல்லாவிட்டால் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தின் போதனா வைத்தியசாலை பற்றி உங்கள் வைத்தியரிடம் கேளுங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து 300 கிலோமீற்றருக்கு மேல் பயணம். சத்தி நிற்காத, சாப்பிடாத பூனையை அந்தப் பயணத்துக்கு ஏற்றவேண்டாம். இங்கே சேலைனும் சாப்பாடும் கொடுத்து நிலைப்படுத்திய பிறகுதான்.

ஊசி குத்துவதற்கு முன் உயிர்ச்சத்து கே கொடுத்தார்களா என்று கேளுங்கள். பித்தம் குடலுக்கு இறங்காத பூனை அந்த உயிர்ச்சத்தை உறிஞ்சாது, இரத்தம் உறையாமல் கசியும்.

எல்லாப் பரிசோதனைக்கும் காசு இல்லை என்றால்? பல வீடுகளில் நிலைமை அதுதான். பல்லி பிடிக்கும் பூனை, மெலிவு, மஞ்சள், ஈயோசினோபில் கூடுதல் என்று எல்லாம் ஒரே பக்கம் காட்டினால், முட்டை காணாமலே மருந்தைத் தொடங்குவதைப் பற்றி வைத்தியரிடம் வெளிப்படையாகக் கதையுங்கள். அது நியாயமான வழி. நீங்களாகத் தொடங்குவதும் அவர் பார்த்துத் தொடங்குவதும் ஒன்றல்ல.

8. மருந்து: அளவும் நாளும்

மருந்தின் பெயர் பிரசிகுவாண்டல். நாடாப்புழுவுக்கும் இதையேதான் கொடுப்பார்கள், குழப்பமும் அங்கேதான் தொடங்குகிறது.

நாடாப்புழுவுக்குக் கிலோவுக்கு ஏறத்தாழ 5 மில்லிகிராம், ஒரே தடவை. ஈரல் தட்டைப்புழுவுக்கு வைத்தியர்கள் வழமையாகக் கொடுப்பது கிலோவுக்கு 20 மில்லிகிராம், நாளுக்கு ஒரு தடவை, 3 முதல் 5 நாள். 3 கிலோ பூனைக்கு நாளுக்கு 60 மில்லிகிராம். "போன மாதம்தான் பூச்சிக் குளிசை கொடுத்தோம்" என்பவர்கள் கொடுத்தது இதில் கால் பங்கு, அதுவும் ஒரு நாள்.

சரி, அதே குளிசையை நாலு மடங்காகக் கொடுத்தால் என்ன? கொடுக்கக்கூடாது. நாய்க்கு விற்கும் கலவைக் குளிசை ஒன்றில் 50 மில்லிகிராம் பிரசிகுவாண்டலோடு 150 மில்லிகிராம் பெபன்டலும் பைரன்டலும் சேர்ந்திருக்கும். பிரசிகுவாண்டல் அளவு வரும்வரை கூட்டினால் மற்ற இரண்டும் நாள்தோறும் சேர்ந்து கூடும். தனிப் பிரசிகுவாண்டல் உள்ளதைத்தான் கேட்டு வாங்கவேண்டும். பெட்டியில் மருந்தின் பெயரையும் மில்லிகிராமையும் நீங்களே வாசியுங்கள்.

மருந்து தொடங்கும் நாள் காலையில் மறுபடி நிறுங்கள். நோயில் கிடந்த பூனை இரண்டு கிழமைக்கு முந்திய நிறையில் இருக்காது.

குழாய் முற்றாக அடைபட்ட பூனைக்குக் குளிசை மட்டும் போதாது, சத்திரசிகிச்சை வேண்டிவரலாம். செத்த புழுவும் வெளியேற வழி வேண்டுமல்லவா.

9. குளிசையை உள்ளே அனுப்புதல்

பிரசிகுவாண்டல் கடும் கைப்பு. தூளாக்கி மீனில் கலப்பவர்கள் மருந்தையும் இழப்பார்கள், சாப்பாட்டையும் கெடுப்பார்கள். துண்டு துண்டாக உடைக்காமல், வைத்தியரிடமோ பாமசியிலோ வெறும் கூட்டுறை (கப்சியூல்) கேட்டு, அளந்த மருந்தை அதற்குள் போட்டு மூடுங்கள்.

துவாயால் கழுத்துவரை சுற்றி, முன்னங்கால்கள் உள்ளே இருக்க, பூனையின் முதுகு உங்கள் நெஞ்சோடு இருக்கட்டும். மேல்தாடையின் இரு பக்கமும் பெருவிரலும் சுட்டுவிரலும் வைத்துத் தலையை உயர்த்தினால் கீழ்த்தாடை தானாகத் திறக்கும். நாக்கின் அடிப்பகுதியில் குளிசையை விட்டு வாயை மூடி, மூக்கு நுனியில் மெல்ல ஊதுங்கள். நாக்கு வெளியே வந்து மூக்கை நக்கினால் விழுங்கிவிட்டது.

உடனே சிரிஞ்சால் 5 மில்லிலீற்றர் தண்ணீர், கன்னத்தின் பக்கமாக, சொட்டுச் சொட்டாக. காய்ந்த குளிசை பூனையின் உணவுக்குழாயில் ஒட்டி நின்று புண்ணாக்கும், அதற்காகத்தான். நேராகத் தொண்டைக்குள் பீச்சினால் நுரையீரலுக்குள் போகும்.

வாயில் நுரை வந்தால் பதறவேண்டாம். கைப்புப் பட்ட பூனை அப்படித்தான் செய்யும், சில நிமிடத்தில் அடங்கும். ஆனால் அரை மணிக்குள் சத்தி எடுத்து அதில் கூட்டுறையைக் கண்டால், மறுபடி கொடுக்கலாமா என்று கேட்டுவிட்டுத்தான் கொடுக்கவேண்டும்.

10. கூடவே வரும் மருந்துகள்

குழாயில் புழு இருந்தால் குடல் கிருமிகளும் மேலேறும், அதற்கு நுண்ணுயிர்க்கொல்லி எழுதுவார்கள். வீக்கத்துக்கு ஸ்ரெரொயிட் சில நாள் வரலாம். பித்தத்தை இளக்க ஊர்சோடிஒக்சிகோலிக் அமிலம், கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் நாளுக்கு. முற்றான அடைப்பு இருந்தால் இது கூடாது. பூனை துள்ளத் தொடங்கியதும் இவற்றை நிறுத்திவிடுவதுதான் வழமையான பிழை. பூச்சி மருந்து சில நாளில் முடியும், ஈரல் திருந்தக் கிழமைகள் எடுக்கும்.

11. மறுபரிசோதனை இரண்டு தடவை

மருந்து முடிந்து சில கிழமைக்குள் ஒன்று, வைத்தியர் சொல்லும் நாளில். ஒரு சுற்று மருந்தில் எல்லாப் புழுவும் சாகும் என்று நிச்சயம் இல்லை. முட்டை தொடர்ந்தால் இன்னொரு சுற்று வேண்டும். முதல் சில நாளில் முட்டை கண்டால் மட்டும் மனம் விடாதீர்கள், பித்தத்தில் தங்கிய பழைய முட்டைகளும் வந்துகொண்டிருக்கும்.

அடுத்தது, மூன்று மாதம் கழித்து. இடையில் பூனை மறுபடி பல்லி தின்றிருந்தால் அந்தப் புழு முட்டையிட 8 முதல் 12 கிழமை எடுக்கும் என்பதால் அதற்கு முன் பார்த்துப் பயனில்லை. பெரும்பாலானோர் தவறவிடுவது இந்த இரண்டாவதைத்தான். பூனை கொழுத்து, வேலியில் ஏறித் திரியும்போது மலப் போத்தலோடு போக யாருக்கும் மனம் வராது.

நிறையைக் கிழமைக்கு ஒருக்கால் எழுதுங்கள். மஞ்சள் போவதற்கு முதலே நிறை ஏறத் தொடங்கினால் நல்ல அறிகுறி.

12. வளவில் செய்யவேண்டியது

பல்லியில்லாத வீடு யாழ்ப்பாணத்தில் இல்லை, ஆகவே பல்லியை ஒழிக்கப் புறப்படாதீர்கள். பல்லிக்கு நஞ்சு வைத்தால் அந்தப் பல்லியையும் பூனைதான் தின்னும்.

விறாந்தை மின்குமிழை இரவில் அணைத்தால் பூச்சி குறையும், பூச்சிக்கு வரும் பல்லியும் அங்கிருந்து விலகும். பல்லி மும்முரமாகத் திரியும் அந்த நேரம் பூனையை, வெளிச்சம் இல்லாத, சுவரில் படங்கள் தொங்காத ஓர் அறைக்குள் விடுங்கள். படச்சட்டத்தின் பின்புறம் பல்லியின் குடியிருப்பு. வயிறு நிறைந்த பூனையும் வேட்டையாடும். பிடித்ததை முழுக்கத் தின்பதுதான் குறையும். மாலைச் சாப்பாட்டை இருட்ட முன் கொடுப்பதில் அவ்வளவு பயன் உண்டு.

மலத்தை அள்ளுவதுதான் இதில் உண்மையான வேலை. முட்டை நத்தைக்குப் போகாவிட்டால் சங்கிலி அங்கேயே அறும். பூனைக்கென்று ஒரு தட்டில் காய்ந்த மணல் வைத்து, நாள்தோறும் அள்ளிப் பையில் கட்டிக் குப்பையோடு போடுங்கள். பசளைக் குழிக்குள்ளோ வாழை அடியிலோ கொட்டாதீர்கள். நத்தை கூடுவது அந்த ஈரத்தில்தான்.

கிணற்றடியில் தண்ணீர் தேங்கும் வாழைப்பாத்தி, அடுக்கிய பொச்சுமட்டை, ஓட்டுக் குவியல், சுவரோடு ஒட்டிய பூச்சாடிகள் இவற்றை மாரி தொடங்குமுன், புரட்டாதி மாதத்துக்குள் இடம் மாற்றி வெயில் படவிடுங்கள். ஐப்பசி மழை விழுந்த பிறகு நத்தை எல்லா மூலைக்கும் பரவிவிடும்.

வீட்டில் வேறு பூனைகள் இருந்தால், நோய்ப்பட்டதன் மலத்தோடு அவற்றின் மலத்தையும் அதே முறையில் ஒருக்கால் பாருங்கள். அவையும் அதே சுவரில்தான் பல்லி பிடிக்கின்றன. நல்லாய்க் கொழுத்து நிற்கும் கடுவனில் முட்டை இருந்தால் ஆச்சரியப்படவேண்டாம். அதற்கும் நிறை பார்த்து, எட்டாம் படியிலிருந்து.